ஐந்து சீட்டுகள்

லோகநாதனின் கையிலிருந்த பி.பி. பட்டையை டாக்டர் பிடுங்காத குறையாகக் கழற்றினார்.

"நூத்தி எண்பது. நாடி நூத்திப் பத்து. அஞ்சு மாசமா மாத்திரையை ஏத்திகினே இருக்கேன். இதுக்கு மேல வேலூருக்குத்தான் எழுதணும். ஒழுங்கா போடறாராம்மா?"

"தெனம் தறியில உக்கார்றதுக்கு முன்னாடி நானே கையில குடுக்கறேன் சார்," என்றாள் மனைவி சூர்யகலா.

"உப்பு?"

"கண்ணுலயே காட்டறதில்ல."

"பேஜாரா போச்சு. இன்னிக்குக் காலையில போட்டீங்களா?"

லோகநாதன் விழித்தார். "இன்னிக்கு அமாவாசைங்க. தறிக்கு லீவு. அதனாலதான் இங்கயே வர முடிஞ்சுது."

"தறிக்குத்தானேய்யா லீவு?"

"தறியில உக்காராத நாள்ல மாத்திரை எதுக்குங்க?"

டாக்டர் அவருடைய பழைய சீட்டுகளை மேசையில் பரப்பி, சுவர்க் காலண்டரைப் பின்னோக்கிப் புரட்டினார்.

ஐந்துமே அமாவாசை.