ஆறு கதிர் நட்சத்திரம்

“அப்பா நட்சத்திரத்தைப் பத்தி ஆரம்பிப்பார். குறுக்க பேசாம கேளு. அவர் சரின்னு சொன்னாதான் நமக்குக் கல்யாணம்” என்று வாசலிலேயே அவன் காதில் ஓதினாள் அவள்.

தலையாட்டிவிட்டு அவன் பெயர்ப்பலகையைப் படிக்க ஆரம்பித்தான். பட்டங்கள் முடிந்து பெயர் வருவதற்குள் கதவு திறந்துவிட்டது.

ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டிருந்தார். மறுநாள் பல நாட்டு அறிஞர்கள் முன்னால் ஆன்லைனில் பேசப் போகிறார். அதற்கு இன்றைக்கே போட்டுப் பழகுகிறாராம்.

“உட்காருங்க தம்பி. என்ன உத்தியோகம்?”

“நூலகத்துல வேலை, சார்.”

“புத்தகம் எடுத்துக் கொடுக்கிறதா?”

“அதுவும் உண்டு, சார்.”

“பரவாயில்ல” என்று மன்னித்தார் பேராசிரியர். லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினார். “இந்த வெப்சைட்டைப் பார்த்திருக்கீங்களா? அந்தக் கால வானியல் மொத்தமும் இதுக்குள்ள இருக்கு. எண்ணூறு வருஷத்துச் சுவடி, கிரகக் கணக்கு, வானத்தை அளந்த பித்தளைத் தட்டு... விரலை வெச்சா அந்தத் தட்டு சுத்துது, தம்பி! முன்னெல்லாம் ஒரு பக்கத்தைப் பார்க்க எத்தனை பேரைக் கெஞ்சியிருக்கேன் தெரியுமா? கையுறை மாட்டணும், பக்கத்துல ஒருத்தர் காவலுக்கு நிப்பார், தும்மறதுக்குக்கூட அனுமதி கேட்கணும். இப்போ டீ குடிச்சுக்கிட்டே புரட்டறேன். யாரும் என்னை நீ யாருன்னு கேட்கல.”

இதைச் சொன்னபோது மட்டும் அவர் குரல் கோட்டைக் கழற்றி வைத்திருந்தது. அவனுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

“எழுதினவர் தப்பைச் சுரண்டிட்டு மறுபடி எழுதின இடம்கூடத் தெரியும், சார்” என்றான்.

“அட, பார்த்திருக்கீங்களே! படம் எடுத்தவன் பேரையே போட்டுக்கல பாருங்க. அவன் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும். அவன் வந்து என் பொண்ணைக் கேட்டா, மறுபேச்சே கிடையாது.”

அவள் கண்கள் மின்னின.

“இப்போ என் கண்டுபிடிப்புக்கு வருவோம்” என்று பேராசிரியர் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். திரையில் ஒரு பழைய வான்படம் விரிந்தது. தேள் ஒன்று வாலைத் தூக்கி நின்றது. “மத்த நட்சத்திரமெல்லாம் வெறும் புள்ளி. வால் பக்கத்துல பாருங்க, இது ஒண்ணுக்குத்தான் ஆறு கதிர். நடுவுல லேசா ஒரு சிவப்பு. திடீர்னு வெடிச்ச நட்சத்திரத்தைச் சுவடி எழுதினவன் நேர்ல பார்த்து வரைஞ்சிருக்கான். இத்தனை காலமா உலகத்துல ஒருத்தன் கண்ணுலயும் படல!”

“சமையலறை பல்பு போய் ஒரு மாசமாச்சு, அது இவர் கண்ணுல படல” என்றபடி டீயை வைத்துவிட்டுப் போனார் அவர் மனைவி.

அவன் திரையருகே குனிந்தான். டீயைத் தொடாமல் அந்த நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

“நம்ப முடியலையா? எனக்கும் அன்னைக்கு அப்படித்தான்.”

“சார், இதே சுவடிக்கு வேற ஊர்ல இன்னொரு பிரதி இருக்கே...”

“அதுல இந்த நட்சத்திரம் இல்ல! அதுதான் விஷயமே. அதை எழுதினவன் தூங்கிட்டான்.”

“மூலச் சுவடியை நேர்ல ஒரு தடவை...”

“எதுக்கு? அதான் இவ்வளவு தெளிவா படம் இருக்கே. நாளைக்கு உலகத்துக்கு அறிவிக்கிறேன். இதுக்கு என் பொண்ணு பேரைத்தான் வைக்கப் போறேன்.”

அவள் வெட்கப்பட்டாள். அவன் மேஜைக்கடியில் அவள் காலை அழுத்தினான். ‘எதுவும் சொல்லிடாதே’ என்று அர்த்தம். என்ன அடக்கம் என்று அவள் உருகிப்போய், அதற்குமேல் பொறுக்க முடியாமல் போட்டு உடைத்தாள்.

“அப்பா, அந்த வெப்சைட்டுக்குப் படம் எடுக்கிறதே இவர்தான்! இந்தச் சுவடியையும் இவர்தான் எடுத்தார்!”

பேராசிரியர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அவன் இரண்டு கைகளையும் பிடித்து, சொன்னபடியே கண்ணில் ஒத்திக்கொண்டார். கண் நிஜமாகவே ஈரமாக இருந்தது.

“இந்தக் கையா! இனிமே என்ன சார், மாமான்னு கூப்பிடுங்க. அடியே, இங்க வா, மாப்பிள்ளையைப் பாரு!” என்று சமையலறைப் பக்கம் கத்திவிட்டுத் திரும்பினார். “அப்போ இந்த நட்சத்திரத்தை முதல்ல பார்த்தவர் நீங்கதானே? சொல்லுங்க மாப்பிள்ளை, நேர்ல எப்படி இருந்துச்சு?”

‘பிரமாதமா இருந்துச்சு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே முகூர்த்தம். ஆனால் நாளைக்கே இவர் கோட்டும் சூட்டுமாக அத்தனை அறிஞர்கள் முன்னால் நிற்கப் போகிறார். அத்தனை பேரில் ஒருவராவது மூலச் சுவடியைப் பிரித்துப் பார்க்காமலா இருப்பார்?

அவன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினான்.

“கொடுத்த வாக்கு மாறாதே, மாமா?”

“என் வாக்கு அந்த நட்சத்திரம் மாதிரி, மாப்பிள்ளை. இருக்கிற இடத்தை விட்டு அசையாது.”

“என்னைக் கடிச்சுட்டுப் பறந்துக்கிட்டிருந்துச்சு, மாமா. படம் எடுக்கப் பக்கத்தை அழுத்துற கண்ணாடியை இறக்கினேன், நடுவுல மாட்டிக்கிச்சு. அந்த ஆறும் கால், அந்தச் சிவப்பு என் ரத்தம்.”