இருநூறு என்றால் வெற்றி

"வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கேன்" என்று மேலாளர் அந்தப் பெண்ணைக் கணினி முன் உட்கார வைத்தார். "கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் தேவைன்னு வெப்சைட்ல போட்டு ஒரு மாசமாச்சு. ஒரு விண்ணப்பம்கூட வரல."

அவள் ஒரு விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள். '200, வெற்றி' என்று திரை சொன்னது. சர்வரில் நடப்பதெல்லாம் பதிவாகும் லாக் ஃபைலைத் திறந்தாள்.

"பாருங்க சார். போட்டோவோட சேர்த்து ஃபைல் பெருசா இருக்குன்னு சர்வர் விண்ணப்பத்தைத் தூக்கிப் போட்டுடுது. ஆனா அனுப்பினவங்களுக்கு வெற்றின்னு 200 குறியீட்டைக் காட்டுது. 'ஃபைல் ரொம்பப் பெருசு'ங்கிற 413 குறியீட்டைக் காட்டி உண்மையைச் சொல்லியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

அரை மணி நேரத்தில் ஃபைல் அளவின் வரம்பு, தவறான குறியீடு இரண்டையும் சரிசெய்து, மறுபடி அனுப்பினாள். மேலாளரின் திரையில் முதல் விண்ணப்பம் வந்து விழுந்தது. ஆவலாகத் திறந்தவர், அதிலிருந்த புகைப்படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க தலைமை அலுவலகம் அனுப்பின ஆள் இல்லையா?"

"இல்ல சார். நாலு தடவை விண்ணப்பிச்சேன். நாலு தடவையும் வெற்றின்னுதான் வந்துச்சு, பதிலைத்தான் காணோம். நேர்லயே கேட்டுடலாம்னு வந்தேன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீங்க நாற்காலியை இழுத்துப் போட்டுட்டீங்க."

மேலாளர் சிரித்துவிட்டார்.

"இன்டர்வியூ எப்போ சார்?"

"இப்பதானேம்மா முடிஞ்சுது. நாளைக்கு ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்துடு."