அம்மாவுக்காக ஒரு விசா

இது அடியேனின் முதல் கதை. எழுதத் துணிந்த பிழையைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

"மறுபடியும் விசா ஆபீசா?" என்றார் ஒர்க்‌ஷாப் முதலாளி.

"அம்மாவுக்கு ரொம்ப முடியலைங்க. ஒரு தடவை கண்ணால பார்த்துடணும்."

"கையோட கூட்டிட்டு வந்துடுப்பா. இங்கே நல்ல டாக்டரா பார்ப்போம்."

மெக்கானிக் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

விசா ஆபீஸ் கவுண்டரில் இருந்த பெண் தமிழிலேயே சொன்னாள்: "வெளிநாட்டுக்காரங்களுக்குப் பத்து நாள் ஆகும் சார்."

"நான் பிறந்த ஊரும்மா அது. அம்மா அங்கேதான் கிடக்குறாங்க."

"புரியுது சார். ஆனா போன மாசம்தானே இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டு, நம்ம பாஸ்போர்ட்டை எங்ககிட்டயே ஒப்படைச்சீங்க?"

அவர் விண்ணப்பத்தைக் கவுண்டருக்குள் நீட்டினார்.

விசா பத்தாம் நாள் வந்தது. அம்மா ஆறாம் நாளே போய்விட்டார்.

இழந்தவை மூன்று: பிறந்த நாட்டுக் குடியுரிமை, அம்மா, ஊருக்குப் போக இருந்த ஒரே காரணம்.