அறைக்கு ஒரு கண்ணாடி

தன் முகத்தைத் தினமும் பார்க்கிற கைதி திருந்துவான் என்று சட்டசபையில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. புதுச் சட்டத்தின்படி அறைக்கு ஒரு கண்ணாடி. உடையாத தினுசில் ஒன்றைக் கொண்டுவந்து, மாசிலாமணியின் அறைச் சுவரில் வார்டர் துரைக்கண்ணு திருகி மாட்டினார்.

“பாத்துக்கய்யா. மூஞ்சியப் பாத்து எத்தனை வருசமாச்சு?”

“உள்ள வந்ததுலேர்ந்து பாக்கலீங்கய்யா. இருபத்தாறு வருசம்.”

சிரித்துக்கொண்டே திரும்பிய மாசிலாமணி அப்படியே நின்றுவிட்டான். மடித்துக் கட்டியிருந்த கைலியை அவன் கை தானாக அவிழ்த்துக் கீழே விட்டது. சின்ன வயதிலிருந்தே ஒரே ஒரு ஆளைக் கண்டால்தான் அவன் அப்படி இறக்கிவிடுவான். நரைத்த மீசை, ஏறிய நெற்றி, எதையும் நம்பாத அந்த இடுங்கிய கண்.

“என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்று வார்டர் சிரித்தார்.

“எங்கப்பாங்கய்யா.”

வார்டரின் சிரிப்பு நின்றது. அப்பனை வெட்டிவிட்டுத்தான் இவன் உள்ளே வந்தான் என்பது அவருக்குத் தெரியும்.

மாசிலாமணி கிட்டே போனான். விரலை நீட்டி, கண்ணாடிக்குள் இருந்தவரின் கழுத்தை இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை மெதுவாகத் தடவிப் பார்த்தான்.

“ஆறிடுச்சுங்கய்யா,” என்றான். “தழும்புகூட இல்ல.”