மாதிரிப் படம்

"மோவாய்ல கை வச்சா ஒரு மாசம் வீக்கம் இருக்கும்மா. கீழுதடு மரத்துப் போகலாம். சிலருக்கு உணர்ச்சி திரும்பாமலே போயிடும். செதுக்கின எலும்பு மறுபடி வளராது. தெரியுமில்ல?" என்றார் டாக்டர்.

"எல்லாம் தெரியும் டாக்டர்," என்றாள் அந்தப் பெண்.

குறை சொல்ல ஒன்றுமில்லாத முகம். எவனோ ஒரு தடியன் கேலி செய்திருப்பான் என்று நினைத்ததுமே டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருக்காக இதெல்லாம்?"

"வீட்ல ஒருத்தங்களுக்காக. தினமும் எதிர்ல உட்கார்ந்துதான் சாப்பிடறோம். என் தட்டைப் பார்ப்பாங்க, முகத்தைப் பார்க்க மாட்டாங்க."

"சரி, எந்த மாதிரி வேணும்? போட்டோ கொண்டு வந்தீங்களா?"

வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவதொரு நடிகையைத்தான் நீட்டுவார்கள். இவள் நீட்டிய பழைய படத்தில் ஓர் ஆள் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் முகம் இவளை அப்படியே உரித்து வைத்திருந்தது.

"இதே மோவாய்தானேம்மா உங்களுக்கு இருக்கு?"

"எங்களை விட்டுட்டுப் போன அப்பா டாக்டர். இது மாதிரி இல்லாம மாத்திடுங்க. அம்மா ஒரு தடவையாவது என்னை நிமிர்ந்து பார்க்கட்டும்."