தோன்றா எழுவாய்

பல் டாக்டர் சின்னக் கண்ணாடியை வாயருகே கொண்டுபோனதுமே தமிழாசிரியர் நாற்காலியின் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு அலறினார். வெளியே காத்திருந்த குழந்தை ஒன்று அழத் தொடங்கியது.

“நான் இன்னும் தொடவே இல்ல சார்.”

“உங்களுக்கென்ன. வலி எனக்குல்ல.”

அவர் மனைவி கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். உட்கார ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் ஆசிரியர் தன் பையையும் ஒரு கட்டு விடைத்தாளையும் வைத்திருந்தார்.

“வாய்ப்புண்ணு யாரு, உள்ள வாங்க” என்று நர்ஸ் கூப்பிட்டபோது இருவரும்தான் எழுந்தார்கள். ஆசிரியர் முன்னால் நடந்தார். எங்கே போனாலும் அப்படித்தான்.

டாக்டர் வாய்க்குள் பார்த்துவிட்டு அட்டையை எடுத்தார். அட்டை ஆசிரியர் பெயரில் இருந்தது. அவர்கள் வீட்டில் கரண்ட், கேஸ், போன் எல்லாமே அவர் பெயரில்தான். கீழே, போனில் கேட்டு வரவேற்புப் பெண் எழுதியது: ‘வாய்புண். இரண்டு மாதம். ஆறவில்லை.’ வாய்க்கும் புண்ணுக்கும் நடுவில் சிவப்பு மையில் ஒரு ‘ப்’ செருகியிருந்தது.

“நான்தான் திருத்தினேன்,” என்றார் ஆசிரியர். “ஒற்று மிகணும். எந்த ஸ்கூல்லம்மா படிச்சேன்னு அந்தப் பொண்ணைக் கேட்டா, மொறைக்குது.”

“அது இருக்கட்டும். ரெண்டு மாசம்னு போட்டிருக்கே. உங்களுக்கு இருக்கறது நாலு நாள் காயம். பல்லு பட்டிருக்கு.”

“சனிக்கிழமை சாப்பிடும்போது கடிச்சுக்கிட்டேன். போன் பண்ணது இவ. எதையும் ஒண்ணுக்குப் பத்தாத்தான் சொல்லுவா. நான் கடிச்சுக்கறதுக்கு முன்னாடியே இவ கவலைப்பட ஆரம்பிச்சிருப்பா டாக்டர்.”

தான் சொன்னதற்குத் தானே சிரித்தார். சிரித்ததில் கன்னம் இழுத்து வலித்தது. அதற்கும் மனைவியைத்தான் முறைத்தார்.

“டாக்டர், அது வந்து...” என்றாள் அவள்.

“எது வந்து? எங்க வந்து? பேசினா முழு வாக்கியமாப் பேசுன்னு இருபது வருஷமா சொல்றேன். ‘தீந்துபோச்சு’ன்னுவா டாக்டர். எது தீந்துச்சுன்னு நான் அடுப்படிக்குப் போய் டப்பாவைத் திறந்து பாக்கணும். ‘வந்திருக்காங்க’ன்னுவா. யாருன்னு நான் வாசலுக்குப் போகணும்.”

“எங்க வீட்லயும் இதே கதைதான் சார்,” என்றார் டாக்டர். ஆண்கள் இருவருக்கும் அந்த ஒரு நிமிடம் மிக நன்றாகப் போனது.

பிறகு டாக்டர் சீட்டில் ஒரு களிம்பின் பெயரை எழுதினார். எழுதிக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார்.

“வெளிய பதினெட்டுப் பேர் உக்காந்திருக்காங்கம்மா. ரொம்ப அவசரம்னு கெஞ்சி நேரம் வாங்கினீங்களாமே. இதுக்கா? உப்புத் தண்ணில கொப்பளிச்சா ஒரு வாரத்துல தானா ஆறிடும்.”

“வலிக்காம இருந்தா பரவாயில்லையா டாக்டர்?”

“வலிச்சாத்தாம்மா பரவாயில்ல. மூணு வாரமாகியும் ஆறல, வலியும் இல்ல, தொட்டா கெட்டியா இருக்குன்னாத்தான் பயப்படணும். உடனே கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். கேன்சரா இருந்தாலும் சீக்கிரம் பாத்தா காப்பாத்திடலாம். உங்க வீட்டுக்காரர் போட்ட சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். இவருக்கு ஒண்ணும் ஆகாது.”

“கேட்டுக்கிட்டியா?” ஆசிரியர் நாற்காலியிலிருந்து இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். “கேன்சரா இருக்குமோன்னு நேத்து உக்காந்து அழுதா டாக்டர். பாசம் இருக்க வேண்டியதுதான், அதுக்காக உயிரோட இருக்கறவனுக்கே ஒப்பாரியா? நான் இன்னும் முப்பது வருஷம் இருப்பேன்னு எழுதிக் குடுங்க. ஃப்ரேம் போட்டு மாட்டிக்கட்டும்.”

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்வு இல்லாதவள் என்று ஆசிரியர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

“மூணாவது பீரியடுக்கு நான் ஸ்கூல்ல இருக்கணும். நீ களிம்பை வாங்கிக்கிட்டு பஸ் புடிச்சு வீட்டுக்குப் போ. வழியில யாரையாவது பாத்தா இதைச் சொல்லிட்டு நிக்காத.”

பையை மாட்டிக்கொண்டு, விடைத்தாள் கட்டை அணைத்தபடி அவர் போனார். வரவேற்பு மேசையில் நின்று அந்தப் பெண்ணுக்கு இன்னொரு தடவை ஒற்று மிகும் இடத்தை விளக்குவது உள்ளே வரை கேட்டது. பிறகு வாசல் கதவு சாத்தும் சத்தம்.

டாக்டர் அடுத்த ஆளுக்கு மணியடித்தார். அவள் அதே இடத்தில் நின்றாள்.

“இன்னும் என்னம்மா?” அவர் தலையை நிமிர்த்தவில்லை. “அவருக்கு ஒண்ணுமில்லன்னு எத்தனை தடவை சொல்றது?”

நாற்காலியின் தலைப்பக்கத்தில் ஆசிரியரின் தலையில் இருந்த எண்ணெய் வட்டமாகப் படிந்திருந்தது. அவள் அதைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள். ஏறி உட்கார்ந்து, விளக்கைத் தன் முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

“வாய்ல புண்ணுன்னு சொன்னேன் டாக்டர். யாருக்குன்னு நீங்க ரெண்டு பேருமே கேக்கல.”