கணினியின் முதல் நிமிடம்

ஃப்ளாப்பி 'கட்' என்று உட்கார்ந்தது.

அவள் பவர் பட்டனைத் தடவிப் பிடித்து அழுத்தினாள்.

மின்விசிறி சுற்றியது. ஒரு பீப். இதுவரை எல்லாம் தெரிந்த ஓசைதான்.

இனிமேல்தான் விஷயமே.

மேசையில் இருந்தது முப்பது வருடப் பழைய கணினி. அவளைவிட நாலு வயது இளையது. அதன் முதுகில், சீரியல் போர்ட் என்கிற செருகுவாயில், டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பேச்சுப் பெட்டி. எழுத்தை அனுப்பினால் குரலாக்கும். பார்வையில்லாதவர்களுக்காக அந்தக் காலத்தில் செய்தது. திருச்சியில் யாரோ கழித்துப் போட்டதை அவள் கேட்டு வாங்கிவந்திருந்தாள்.

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வேலை, நிரல் எழுதுவது. அலுவலகக் கணினி நன்றாகவே பேசும். ஆனால் முழுதாக எழுந்த பிறகுதான் பேசும். அதற்கு முந்தைய ஒரு நிமிடம், திரையில் மளமளவென்று என்னென்னவோ ஓடும் என்பார்கள். வருகிற கோளாறெல்லாம் அதில்தான் வரும்.

அந்த நிமிடத்தை யாராவது வாசித்துச் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

வீட்டில் என்றால் கணவன். நல்லவன்தான். அதுதான் தொந்தரவு. அவள் மனம் நோகக் கூடாதென்று பாதியை விழுங்கிவிடுவான். "ஒண்ணுமில்லம்மா, பாத்துக்கலாம்" என்பான். என்ன தப்பு என்று தெரிவதற்குள் ஆறுதல் வந்துவிடும்.

அவளுக்கு ஆறுதல் வேண்டாம். தப்பு வேண்டும். முழுசாக, முதல் ஆளாக.

இயங்குதளத்தில் முதலில் எழுந்து ஓடுவது அதன் கருவான கர்னல். பேச்சுப் பெட்டியை இயக்கும் நிரலை, அதன் டிரைவரை, அதற்குள்ளேயே சேர்த்துவிட்டால், பெட்டி ஆரம்ப வரியிலிருந்தே பேசும். அதற்காகத்தான் மூன்று வாரமாக இந்த மல்லுக்கட்டு.

கர்னலைத் தயாரிக்கும்போது அது ஒவ்வொரு கருவியாகக் கேட்கும். இதன் டிரைவர் உள்ளே வேண்டுமா, தனிக் கோப்பாக வெளியே இருக்கட்டுமா, வேண்டவே வேண்டாமா? ஒன்றா இரண்டா, ஆயிரத்துச் சொச்சம் கேள்விகள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு கேட்கவில்லை.

லேப்டாப்பில் உட்கார்ந்து பதில் சொன்னாள். சி.டி. வேண்டாம். மவுஸ் வேண்டாம். நெட்வொர்க் வேண்டாம். பேச்சுப் பெட்டி உள்ளே. கட்டாயம் உள்ளே.

அப்படியும், பழைய கணினியை எழுப்ப வேண்டிய ஃப்ளாப்பியில் கர்னல் கொள்ளவில்லை. மொத்தமே ஒன்றரை எம்.பி.கூட இல்லாத இடம். இன்னும் எதையாவது தனிக் கோப்பாக வெளியே தள்ள வேண்டும். இன்று காலையில் ஒரு பெரிய டிரைவரைத் தள்ளினாள். கச்சிதமாக அடங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், தள்ளியது எதை என்று யோசிக்க மறந்துபோனாள்.

ஃப்ளாப்பி கர்ர், கர்ர் என்றது.

நின்றது.

சமையலறையில் அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அது அவன் முறை. குழாயை மூடிவிட்டு அங்கிருந்தே கேட்டான்.

"வந்து வாசிக்கவாம்மா?"

"வராதீங்க!"

கொஞ்சம் உரக்கவே கத்திவிட்டாள்.

ஐந்து நொடி. பத்து. பெட்டியின் மேல் விரல்களை வைத்துக்கொண்டாள். லேசான சூடு. போன ஞாயிறும் இப்படித்தான் காத்திருந்தாள். பெட்டியை இரண்டாவது போர்ட்டில் செருகிவிட்டு, கர்னலை முதல் போர்ட்டில் தேடச் சொல்லியிருந்தாள். அன்று கடைசிவரை மூச்சுப் பேச்சில்லை.

பெட்டி பேசியது.

ஜலதோஷம் பிடித்த குரல். அமெரிக்க ஆங்கிலம். கர்னலின் பதிப்பு எண்ணைச் சொன்னது. தயாரித்தவர் பெயரைச் சொன்னது.

அவள் பெயர்.

அதைக் கொலை செய்துதான் சொன்னது. பரவாயில்லை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் அடுத்த வரி கேட்காது. துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மெமரி எட்டு எம்.பி. இருக்கிறது என்றது. சீரியல் போர்ட் இரண்டு இருக்கிறது என்றது. ஃப்ளாப்பி டிரைவ் இருக்கிறது என்றது. கமா, புள்ளி எதையும் விடவில்லை. முப்பத்து நான்கு வயதில் முதல் முறையாக, ஒரு கணினி எழுந்து சோம்பல் முறிப்பதை அவள் பக்கத்திலிருந்து கேட்டாள். என்ன ஒரு சத்தம்! இவ்வளவு காலமும் இதையா எல்லோரும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்?

பிறகு, அதே குரலில், அதே வேகத்தில், ஹார்ட் டிஸ்க்கைத் திறக்க முடியவில்லை என்றது. இதற்கு மேல் ஓட முடியாது என்றது.

ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

டிஸ்க்.

காலையில் வெளியே தள்ளியது டிஸ்க்கின் டிரைவரை. தள்ளி வைத்திருந்த இடமோ அதே டிஸ்க். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள்!

துப்பட்டா நழுவியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தப்பு செய்தது அவள். முதலில் தெரிந்துகொண்டதும் அவள்தான்.

அவன் ஈரக் கையோடு ஓடிவந்தான்.

"என்னம்மா, ஓடுதா?"

"ஓடலீங்க! மொத்தமா படுத்துருச்சு!"

சொல்லிவிட்டுக் கைதட்டினாள்.

அவன் திரையைப் பார்த்தான். முழுக்க எழுத்து. வாசிக்க வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"எங்க தப்பாச்சு?" என்று அவளைக் கேட்டான்.